பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும்: உளவியலின் தொடக்க வரலாற்றை மலையகத்திலிருந்து ஆராய்தல்

1867ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சார்லஸ் டார்வின் ஒரு வினாத்தாளைத் தயாரித்துப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். வியப்பு மேலிடும்போது கண்ணும் வாயும் அகலத் திறக்கின்றனவா, புருவம் உயர்கிறதா? தோலின் நிறம் காட்டிக்கொடுக்குமானால், வெட்கத்தில் முகம் சிவக்கிறதா? பேரச்சம் ஐரோப்பியரிடம் வெளிப்படும் அதே விதமாகத்தான் வெளிப்படுகிறதா? இப்படி 16 வினாக்கள். வந்த பதில்கள் 36. அனுப்பியவர்களுள் பலர் மிஷனரிகளும், சுதேச மக்களின் ‘பாதுகாவலர்’ என்று குடியேற்ற அரசு நியமித்த அதிகாரிகளும். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்பது பற்றி 1872இல் டார்வின் வெளியிட்ட நூலின் முன்னுரையில், இலங்கை குறித்த சில வினாக்களுக்கு விடையளித்தவர் என்று எஸ். ஓ. கிளெனி என்னும் பாதிரியாருக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெய்ட்ஸும் டார்வினுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர்.

அந்த ஆண்டுகளில் இலங்கை மலையகத்தின் புசல்லாவை மலைச்சரிவுகள் கோப்பிக் காடாக இருந்தன. வேர்ம்ஸ் குடும்பத்தார் உருவாக்கிய ரொத்சைல்ட் தோட்டத்தில் 1841இலேயே சீனத் தேயிலைச் செடிகளை நட்டுப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் பணம் கொழித்தது கோப்பியில்தான். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகே தேயிலையின் காலம் வந்தது. கோப்பிப் பழம் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள். வழியில் இறந்தவர் போக மிஞ்சியவர்களின் முகங்களில் வியப்பும் அச்சமும் துயரமும் இருந்திருக்கும். அவற்றை யாரும் அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கவில்லை.

உளவியலின் தொடக்க வரலாற்றை ஆராய விரும்பும் மலையக மாணவர் ஒருவருக்கு, லைப்சிக்கையோ வியன்னாவையோ விடப் பொருத்தமான தொடக்கப்புள்ளி இந்த வினாத்தாள்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். உளவியல் என்ற துறை உருவான காலத்தில் யார் பார்த்தார், யார் பார்க்கப்பட்டார், அந்த இருவரும் எப்போதாவது இடம் மாறினார்களா என்ற கேள்வியை அது எழுப்புகிறது. இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால், பெயர்களும் ஆண்டுகளுமாக மனப்பாடம் செய்யப்படும் ஒரு வரலாறு உயிர் பெறும்.

1879 என்ற எல்லைக்கல்

உளவியல் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: ஜெர்மனியின் லைப்சிக் நகரம், 1879, வில்ஹெல்ம் வுண்ட், முதல் ஆய்வுகூடம். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய பயிலுநருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானது. அதற்கடுத்து பவ்லவ், தோண்டைக், ஸ்கின்னர், பியாஜே என்று பட்டியல் நீளும். பட்டியலில் ஆசியா இல்லை. ஆபிரிக்கா இல்லை. பெண்களும் அநேகமாக இல்லை.

இந்த வரிசை தானாக அமைந்ததன்று. ஹார்வர்டில் கற்பித்த எட்வின் போரிங் 1929இல் எழுதிய பரிசோதனை உளவியல் வரலாறுதான் வுண்டை மூலவராக நிலைநிறுத்தியது. போரிங்கின் ஆசான் டிச்சனர். டிச்சனர் வுண்டிடம் படித்தவர். பேரன் எழுதிய குடும்ப வரலாற்றில் பாட்டனாருக்கு நடு இடம் கிடைத்தது இயல்பே. அதே வுண்ட் 1900 முதல் 1920 வரை மொழி, தொன்மம், வழக்காறு ஆகியவற்றின் வழியே மனித மனத்தை விளக்க முயன்று பத்துத் தொகுதிகள் எழுதினார். ஆய்வுகூட வுண்டைப் போற்றிய ஆங்கில உலகம் அந்தப் பத்துத் தொகுதிகளைப் பெரும்பாலும் ஓரத்தில் வைத்துவிட்டது. வரலாற்றைப் படிக்கும் மாணவர் கற்க வேண்டிய முதற்பாடம் இது: ஒரு துறையின் தொடக்கம் எங்கே என்பதைப் பின்னால் வந்தவர்கள் தங்கள் தேவைக்கேற்பத் தீர்மானிக்கிறார்கள்.

இந்தத் தீர்மானத்தைக் கலைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் உளவியல் வரலாற்றாசிரியர் குர்ட் டான்சிகர். 1990இல் வெளிவந்த தமது நூலில் அவர் எளிமையான ஒன்றைச் செய்தார். பழைய ஆய்வு இதழ்களைப் புரட்டி, ஒவ்வொரு பரிசோதனையிலும் யார் சோதித்தார், யார் சோதிக்கப்பட்டார் என்று கணக்கெடுத்தார். லைப்சிக்கில் இருவரும் ஒரே கூட்டத்தினர். காலையில் கருவியை இயக்கியவர் மாலையில் அதன்முன் அமர்ந்து தன் உணர்வை அறிக்கையிடுவார். வுண்டே சில வேளை அப்படி அமர்ந்திருக்கிறார். அங்கே பார்க்கப்படுபவருக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனெனில் தன் மனத்தை நுணுக்கமாகக் கவனிக்கப் பயிற்சி வேண்டும். பாரிஸில் நிலைமை வேறு. மனவசிய ஆய்வுகளில் சோதித்தவர் மருத்துவர், சோதிக்கப்பட்டவர் நோயாளி, பெரும்பாலும் பெண். இடமாற்றத்துக்கு வழியே இல்லை. லண்டனில் பிரான்சிஸ் கால்டன் 1884இன் சுகாதாரக் கண்காட்சியில் ஓர் அளவீட்டுக்கூடம் திறந்தார். தலைக்கு மூன்று பென்ஸ் கட்டணம் வாங்கி 9,337 பேரின் பார்வை, கேட்டல், பிடியின் வலு முதலியவற்றை அளந்தார். அங்கே தனிமனிதர் கணக்கில் ஓர் எண்ணானார்.

டான்சிகரின் இந்த மூன்று வகைகளோடு நம் பகுதியிலிருந்து நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம். அது குடியேற்ற நாட்டு வகை. அங்கே பார்த்தவர் ஆளும் இனத்தவர், பார்க்கப்பட்டவர் ஆளப்படுபவர், இடையில் நின்றவர் மொழிபெயர்ப்பாளர்.

நீலகிரியில் ஓர் உளவியலாளர்

இந்த நான்காம் வகைக்குத் தெளிவான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பரிசோதனை உளவியல் கற்பித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் இருந்தவர். உளவியல் கருவிகளை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு மக்கள் வாழும் இடத்துக்கே போன முதற்பயணம் என்று அதைச் சொல்வதுண்டு. 1901-02இல் அவர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே பணியாற்றினார். பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறிதல், தொடுவுணர்ச்சி, வலி, கண்மாயை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். முடிவுகள் 1905இல் பிரித்தானிய உளவியல் இதழின் முதல் தொகுதியில் வெளியாயின. அந்த இதழையே அதற்கு முந்தின ஆண்டு ஜேம்ஸ் வார்டுடன் சேர்ந்து தொடங்கியவர் ரிவர்ஸ்தான். தோடர் வாழ்வைப் பற்றிய அவரது பெருநூல் 1906இல் வந்தது.

ரிவர்ஸின் முடிவுகள் அக்காலத்துக்குப் பெரிய விஷயம். ‘நாகரிகமற்ற’ மக்களுக்கு விலங்குகளைப் போன்ற அபாரமான புலன்கள் உண்டு என்று பயணிகள் கதை கட்டிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்த்தபோது அப்படிப்பட்ட இடைவெளி காணப்படவில்லை. அம்புமுனை போன்ற கோடுகளால் நீளம் ஏமாற்றும் முல்லர்-லயர் மாயையில், டோரஸ் தீவினரும் தோடர்களும் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பின் செகாலும் கேம்பெல்லும் ஹெர்ஸ்கோவிட்ஸும் பல நாடுகளில் கண்மாயையை ஆராய்ந்து 1966இல் நூல் வெளியிட்டபோது, அவர்களுக்கு முன்னோடியாக நின்றது ரிவர்ஸின் இந்த வேலை.

எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் பாதி வரலாறு கைநழுவும். டோரஸ் ஆய்வின் முடிவில் ரிவர்ஸ் வேறொன்றும் சொன்னார்: சுற்றியுள்ள பொருள்களின் சிறு விவரங்களிலேயே கவனம் முழுவதும் செலவாகிவிடுவதால் அம்மக்களின் உயர்சிந்தனை வளர வழியில்லாமல் போகிறது என்று. அளவீட்டில் சமத்துவம் தென்பட்டது. விளக்கத்தில் ஏற்றத்தாழ்வு திரும்பி வந்தது. தரவு ஒன்று, தரவுக்கு மேல் ஏற்றப்படும் கதை வேறொன்று என்று பிரித்துப் பார்ப்பதே இவ்வகை ஆவணத்தைப் படிக்கும் முறை.

இதே ரிவர்ஸ் 1903 முதல் 1907 வரை நண்பர் ஹென்றி ஹெட்டுடன் ஒரு பரிசோதனை செய்தார். ஹெட் தன் கையிலுள்ள நரம்பொன்றை அறுத்துத் தைக்கச் செய்துகொண்டார். உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்பதை ரிவர்ஸ் சோதித்துவந்தார். 1908இல் கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது. வலியை அனுபவித்தவரே அதை எழுதியவர்களில் ஒருவர். தோடர்களின் பெயர்கள் ரிவர்ஸின் வம்சாவளி அட்டவணைகளில் நிறையவே உள்ளன. ஆனால் ஊசி குத்தியபோது தமக்கு என்ன தோன்றியது, இந்த வெள்ளைக்காரர் ஏன் இதையெல்லாம் செய்கிறார் என்று நினைத்தார்கள் என்பதைத் தோடர் எவரும் எழுதிவைக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. ஒரே ஆய்வாளர், ஏறத்தாழ ஒரே காலம், ஒரே வகைச் சோதனை. உறவு மட்டும் வேறு.

டோரஸ் குழுவில் இருந்த சி. ஜி. செலிக்மன் பின்னர் இலங்கைக்கு வந்து, மனைவி பிரெண்டாவுடன் சேர்ந்து வேடர்களை ஆராய்ந்தார். அவர்களது நூல் 1911இல் வெளிவந்தது. வேடர் பாடல்களை அவர்கள் ஒலிப்பதிவு செய்துகொண்டு போக, அவற்றை ஆராய்ந்து இசை பற்றிய பகுதியை எழுதியவர் சார்ல்ஸ் மயர்ஸ். இவரும் டோரஸ் குழுவினர். முதலாம் உலகப் போரில் குண்டதிர்ச்சிக்கு ஆளான படைவீரர்களைப் பற்றி 1915இல் மருத்துவ இதழில் எழுதிப் புகழ்பெற்ற அதே உளவியலாளர். போர்க்கள மனநோயும் வேடர் பாட்டும் ஒரே மேசைக்கு வந்த காலம் அது.

கண்டியின் ஏடுகள்

நம்மைப் பார்த்தவர்களின் கதையோடு இது முடிந்துவிடவில்லை. இலங்கையில் காக்கப்பட்ட நூல்களிலிருந்து உளவியல் கற்க முயன்றவர்களும் இருந்தார்கள். டி. டபிள்யூ. ரீஸ் டேவிட்ஸ் 1864இல் இலங்கை சிவில் சேவைக்கு வந்து பாளி கற்றவர். 1881இல் பாளி நூல் சங்கத்தை நிறுவினார். அவருடைய மனைவி கரோலின், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் குரூம் ராபர்ட்சனிடம் தத்துவமும் உளவியலும் படித்தவர். அபிதம்மத்தின் முதல் நூலான தம்மசங்கணியை அவர் 1900இல் ஆங்கிலத்தில் தந்தபோது அதை உளவியல் நூலாகவே அறிமுகப்படுத்தினார். 1914இல் பௌத்த உளவியல் என்றே ஒரு நூல் எழுதினார். பிரித்தானிய உளவியல் சங்கம் தொடங்கியதே 1901இல்தான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு முற்பட்ட முயற்சி என்பது விளங்கும். பாடநூல்களின் பட்டியலில் இவர் பெயர் இல்லை.

இந்த ஓட்டம் பேராதனையில் தொடர்ந்தது. நாடகாசிரியராக நாடறிந்த எதிரிவீர சரச்சந்திர, பௌத்தத்தில் புலக்காட்சி எப்படி விளக்கப்படுகிறது என்று ஆராய்ந்தவர். அந்நூல் 1958இல் வந்தது. அங்கே தத்துவமும் உளவியலும் கற்பித்த பத்மசிறி டி சில்வா, பௌத்த உளவியலையும் பிராய்டையும் ஒப்பிட்டு 1973இல் எழுதினார். கண்டி உடவத்தைக்கலைக் காட்டில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர், 1958இல் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். விழிப்புநிலைத் தியானம் பற்றிய அவரது விளக்கங்கள் பிற்காலத்தில் மேற்கத்திய மருத்துவமனைகளில் நடக்கும் மனப்பயிற்சிகளுக்கு ஓர் ஊற்றாயின. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியாகப் பேருந்தேறினால் எட்டிவிடும் தூரத்தில் உளவியல் வரலாற்றின் ஒரு கிளை இப்படி வளர்ந்திருக்கிறது.

இங்கேதான் மாணவருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அநகாரிக தர்மபால ஹார்வர்டுக்குச் சென்றபோது வில்லியம் ஜேம்ஸ் தம் நாற்காலியை அவருக்குக் கொடுத்து, இனி எல்லோரும் படிக்கப்போகும் உளவியல் இதுவே என்று வகுப்பில் சொன்னதாக ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இனிமையான கதை. ஆராய்ச்சி மாணவர் கேட்க வேண்டியது, இதை முதலில் எழுதியவர் யார், நிகழ்ந்து எத்தனை காலத்துக்குப் பின், ஜேம்ஸின் தரப்பில் இதற்குச் சான்று உண்டா என்பவற்றை. நமக்குப் பெருமை தரும் கதையிடம் இரட்டிப்புக் கண்டிப்போடு நடந்துகொள்வது நல்ல வரலாற்றாசிரியரின் பழக்கம்.

தமிழ்ப் பக்கத்திலும் இதே சோதனை உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. ‘டார்வினுக்கு முன்பே எங்களிடம் இருந்தது’ என்று எழுதிவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு. டார்வின் கேட்டது எந்தத் தசை அசைகிறது என்று. தொல்காப்பியம் கேட்டது அந்த உணர்ச்சி எதன் பொருட்டு எழுகிறது என்று, அதுவும் செய்யுளில் அதைப் புலப்படுத்தும் புலவனுக்காக. அச்சத்துக்கு அது சொல்லும் நான்கு காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தன்னை ஆள்பவனே அச்சத்தின் காரணங்களுள் ஒன்று என்பது அந்தப் பட்டியலில் வெளிப்படையாக நிற்கிறது.

டார்வினின் வினாத்தாளை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். துரையோ பாதிரியோ அதிகாரியோ எதிரில் நின்று உற்றுப் பார்க்கும்போது, கீழே நிற்பவரின் முகத்தில் தோன்றுவது எந்த உணர்ச்சி? பார்ப்பவரே அச்சத்தின் காரணமாக இருக்கும்போது, அவர் குறித்துக்கொள்ளும் முகம் யாருடைய இயல்பைக் காட்டும்? நினைவை நம்பாமல் நேரில் கண்டதை எழுதுங்கள் என்று டார்வின் தம் பதிலாளர்களைக் கவனமாக வேண்டிக்கொண்டார். காண்பவரின் அதிகாரம் காட்சியை மாற்றும் என்பதற்கு வினாத்தாளில் இடமில்லை. மெய்ப்பாட்டியல் பழம்பெருமைப் பொருளாக இருப்பதைவிட, இப்படி ஓர் ஆராய்ச்சிக் கருவியாக இருப்பதே அதற்கு மரியாதை.

உளவியல் என்று பெயரில்லாத தாள்கள்

புசல்லாவையின் தோட்டங்களைப் பற்றித் தேடினால் ‘உளவியல்’ என்ற தலைப்பில் 19ஆம் நூற்றாண்டில் எதுவும் அகப்படாது. ஆனால் தொழிலாளரின் மனத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். துரைமாரின் நினைவுக்குறிப்புகள், தோட்டக்காரர் சங்க அறிக்கைகள், அரசாங்க நிர்வாக அறிக்கைகள் ஆகியவற்றில் ‘கூலி’யின் குணம் பற்றிய தீர்ப்புகள் நிறைந்திருக்கின்றன. சோம்பல், குழந்தைத்தனம், கங்காணிக்குக் கட்டுப்படும் சுபாவம் என்று. ஏ. எம். பெர்குசன் புதிதாக வந்த சின்னத்துரைமாருக்காகத் தொகுத்த ‘இங்கே வா’ என்னும் தமிழ்க் கையேட்டின் தலைப்பே ஓர் ஏவல். தொழிலாளரிடம் பேசத் தேவையான தமிழ் எது என்று துரைத்தனம் நினைத்ததோ, அதுவே அந்த மனத்தை அது எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கும் சான்று.

இன்னொரு வரிசை மனநோய் பற்றியது. 1839இலேயே மனநோயாளரைக் காவலில் வைப்பது பற்றிய சட்டம் வந்தது. பொரளையில் 1847இல் புகலிடம் திறக்கப்பட்டது. 1884இல் ஜாவத்தையில் இன்னொன்று, 1926இல் அங்கொடை. நெரிசல் அங்கொடையையும் விடவில்லை. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் எட்வர்ட் மேப்பதர் 1930களின் இறுதியில் இலங்கைக்கு வந்து நிலைமையைப் பார்த்து அரசுக்கு அறிக்கை தந்தார். புகலிட அறிக்கைகள் நோயாளரை இனம், தொழில், நோயின் காரணம் என்று அட்டவணைப்படுத்தும் வழக்கமுடையவை. அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் அடைபட்ட மனிதரின் கதையை மீட்பது கடினம். ஆனால் எந்தக் காரணங்களை அதிகாரிகள் காரணங்களாக ஏற்றார்கள், எவற்றைக் கேட்கவே இல்லை என்பதை அதிலிருந்து படிக்க முடியும்.

மூன்றாவது வரிசை சோதனைத்தாள்களுடையது. 1905இல் பாரிஸில் அல்பிரட் பினேயும் சிமோனும் வகுத்த நுண்ணறிவுச் சோதனையின் நோக்கம், வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனி உதவி தருவது. நுண்ணறிவு மாறாதது என்ற எண்ணத்தைப் பினே ஏற்கவில்லை. இங்கிலாந்தில் சிரில் பர்ட் போன்றோர் கைக்கு வந்தபோது அது பிறவித் திறனை அளக்கும் கருவியாக, பதினொரு வயதில் பிள்ளைகளைப் பிரிக்கும் சல்லடையாக மாறியது. பர்ட்டின் இரட்டையர் ஆய்வுத் தரவுகள் பற்றி 1976இல் பகிரங்கக் குற்றச்சாட்டு எழுந்தது. 1979இல் ஹேர்ன்ஷோ எழுதிய வாழ்க்கை வரலாறு, அவற்றில் ஒரு பகுதி புனையப்பட்டதென்ற முடிவுக்கு வந்தது.

இலங்கையில் இதன் தடம் பல்கலைக்கழகத்திலும் உண்டு. 1949 முதல் 1952 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அமெரிக்கர் மரே ஸ்ட்ராஸ், அங்கு நுழைந்த மாணவர்களின் நுண்ணறிவுச் சோதனைப் பெறுபேறுகளைப் பண்பாட்டின் துணையால் விளக்கி 1951இல் அமெரிக்கச் சமூகவியல் இதழில் எழுதினார். பிறவி இனத்திறன் என்ற பழைய விளக்கத்தை விட்டுப் பண்பாட்டுக்கு வந்தது முன்னேற்றமே. இருந்தாலும் மாணவர் கேட்க வேண்டியது, ‘இலங்கை மாணவர்’ என்ற பெயரில் அங்கே அமர்ந்திருந்தது யார் என்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். ஆகவே ஸ்ட்ராஸ் அளந்த நுண்ணறிவு, ஆங்கிலத்தில் படித்து மேலே வர முடிந்த சிறு கூட்டத்தினுடையது. லயத்துப் பிள்ளை அந்த மாதிரிக்குள் வரவேயில்லை.

அந்தச் சோதனையின் மரபு இன்று லயத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மத்திய கல்லூரிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய 1940களில் தொடங்கிய ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் நுண்ணறிவை அளப்பதற்கானது. புசல்லாவை சரஸ்வதி மத்திய கல்லூரியிலோ பேராதனையிலோ இன்று படிக்கும் மாணவர், பத்து வயதில் இந்த வரலாற்றைத் தன் கையால் ஒருமுறை எழுதியவரே. பாரிஸில் உதவிக்காகப் பிறந்த ஒரு கருவி, வடிகட்டியாக மாறி மலையகம் வந்து சேர்ந்த வழியைத் தேடுவது தனியொரு ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள்.

எதிர்ப்பக்கத்துச் சான்றுகள்

பார்க்கப்பட்டவர்கள் மௌனமாக இருந்தார்கள் என்பதும் முழு உண்மையன்று. தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் துரையையும் கங்காணியையும் கண்டாக்கையாவையும் கூர்ந்து பார்த்தவர்களின் பதிவுகள். சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பாகத் தந்தார். இலக்கியச் சான்றாக மட்டும் அவற்றைப் படித்துவந்திருக்கிறோம். அடிமைப்பட்ட நிலையில் மனம் எப்படித் தன்னைக் காத்துக்கொண்டது, ஏளனத்தை எங்கே ஒளித்துவைத்தது என்பதற்கும் அவை சான்றாகும். வாய்மொழிப் பாடலுக்குத் திகதி சொல்வது கடினம், தொகுத்தவரின் தெரிவும் அதில் கலந்திருக்கும். நிர்வாக அறிக்கைக்கும் இதே குறைகள் வேறு வடிவில் உண்டு. ஒன்றை ஆவணமென்றும் மற்றதைப் பாட்டென்றும் தரம் பிரிக்க இது காரணமாகாது.

இடம் மாறிய ஆய்வாளர்களும் நமக்கு முன்மாதிரியாக இருக்கிறார்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1921இல் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, பிராய்டுடன் கடிதத்தில் சரிசமமாக வாதிட்டார். அதே சங்கத்தில் இருந்த பிரித்தானிய மருத்துவர் பெர்க்லி-ஹில் இந்துக்களின் குணத்தையே நோயாக விளக்கிக் கட்டுரை எழுதியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், போஸின் துணிவு விளங்கும். பேராதனையில் கற்பித்த கணநாத் ஒபேசேகர கதிர்காமத்துச் சாமியாடிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு, 1981இல் வெளியிட்ட நூலில் பிராய்டையே திருத்தி வாசித்தார். இலங்கையரான மானிடவியலாளர் வலன்டைன் டேனியல், தமிழரிடையே ‘ஆள்’ என்பது என்ன என்று 1984இல் எழுதினார். பின்னர் 1996இல் வந்த நூலில் மலையகத்தாரின் வன்முறை அனுபவத்தையும் ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் 1998இல் எழுதிய நூல், போரின் நடுவிலிருந்த மருத்துவர் தம் சமூகத்தின் மனக்காயத்தைப் பதிவுசெய்தது.

மாணவருக்குச் சில நடைமுறைகள்

வரலாற்று ஆய்வேடு எழுத முற்படும் மாணவர் முதலில் பொருளைச் சுருக்க வேண்டும். ‘இலங்கையில் உளவியலின் வரலாறு’ ஒரு வாழ்நாள் வேலை. ‘1867 வினாத்தாளுக்கு இலங்கையிலிருந்து சென்ற பதில்கள்’ ஓர் ஆண்டில் முடியும். டார்வினின் கடிதங்களும் நூல்களும், ரிவர்ஸின் தோடர் நூலும், செலிக்மன் தம்பதியின் வேடர் நூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. நிர்வாக அறிக்கைகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டிவரும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தை முதலில் நன்றாகத் துழாவிவிட்டுப் போவது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

அடுத்தது, ஒவ்வொரு ஆவணத்திடமும் ஒரே வரிசையில் கேள்வி கேட்பது. எழுதியவர் யார், யாருடைய பணத்தில், யாருக்காக? பார்க்கப்பட்டவர் மறுக்க முடிந்ததா? இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் யார்? முடிவு அவர்களிடம் திரும்பிச் சொல்லப்பட்டதா? இந்த விடைகளை ஒரு குறிப்பேட்டில் நிரல்படுத்திக்கொண்டே போனால், டான்சிகர் ஐரோப்பாவுக்குச் செய்த கணக்கெடுப்பை நம் பகுதிக்கும் செய்தவர்களாவோம்.

மூன்றாவது, துணைநூல்களில் காணும் கூற்றை மூலத்தில் சரிபார்ப்பது. உளவியல் பாடநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. பிழையும் அப்படியே கைமாறும். தமிழில் மூலநூல்கள் குறைவு என்பதால் இந்த ஆபத்து நமக்கு இன்னும் அதிகம்.

கடைசியாக, மேற்பார்வையாளர்களிடமும் துறைகளிடமும் ஒரு வேண்டுகோள். இன்று உளவியலும் கல்வியியலும் படிக்கும் பல மாணவர்கள் இறுதியாண்டில் செய்வது, வெளிநாட்டு வினாக்கொத்து ஒன்றைத் தமிழாக்கி லயங்களுக்கு எடுத்துச் சென்று நிரப்பி வருவது. மனஅழுத்தம், மதுப்பழக்கம், இடைவிலகல் என்று தலைப்பு மாறும், வடிவம் மாறாது. 1867இல் வந்ததும் ஒரு வினாத்தாள்தான். அன்று அதை ஏந்தியவர் பாதிரியார், இன்று ஏந்துபவர் பெரும்பாலும் அந்த லயத்தில் பிறந்தவரின் மகளோ பேத்தியோ. இது பெரிய மாற்றம். ஆனால் கேள்வியைத் தீர்மானிப்பவர் இன்னும் வேறெங்கோ இருந்தால், பதில் சொன்னவர்களுக்கு முடிவு திரும்பிப் போகாவிட்டால், மாற்றம் பாதிதான். ஆகவே வரலாற்று ஆய்வேடுகளையும் உளவியல் ஆய்வாக ஏற்றுக்கொள்ளுங்கள். களத்துக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் தாம் ஏந்திச் செல்லும் வினாக்கொத்து எங்கே, யாரை வைத்து, எதற்காக உருவாக்கப்பட்டது என்று ஓர் அத்தியாயம் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். பதிலளித்தவர்களிடம் ஆய்வின் முடிவை அவர்களுடைய தமிழில் எடுத்துச் சொல்வதையும் மதிப்பெண்ணுக்குரிய வேலையாக்குங்கள்.